பாட்டிலிருந்து திரைக்கு: காத்திருக்கும் ஆண்டுகளை யார் தாங்குவது?

ஜேர்மனிக்கு வந்த எங்கள் தலைமுறைக்குத் தொழில் என்றால் அது மாதக் கடைசியில் சம்பளம் தரவேண்டும். உணவகங்களில் கோப்பை கழுவியும், இரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்தும், விசா நீடிப்புக்காக வெளிநாட்டவர் அலுவலக வாசலில் வரிசையில் நின்றும் பிள்ளைகளை வளர்த்தோம். அதே நாங்கள்தான் சனி, ஞாயிறு தவறாமல் அந்தப் பிள்ளைகளை வாய்ப்பாட்டு, மிருதங்கம், வயலின், பியானோ வகுப்புகளுக்கும் கொண்டுபோய் விட்டோம். மண்டபம், பக்கவாத்தியக்காரர், உடுப்பு, படப்பிடிப்பு, சாப்பாடு என்று கணக்குப் பாராமல் அரங்கேற்றமும் செய்தோம். ஆனால் அபிட்டூர் எழுதிய பிள்ளை வந்து, "இசைதான் என் தொழில், நடிக்கவும் போகிறேன்" என்று சொன்னால் வீட்டில் பெரும் சண்டை தொடங்கிவிடுகிறது.

அந்தச் சண்டை பெரும்பாலும் திறமையைப் பற்றியே நடக்கிறது. பிள்ளைக்குத் திறமை இருக்கிறதா, இல்லையா என்று தாயும் தகப்பனும் பெரியப்பாவும் மாறி மாறித் தீர்ப்புச் சொல்கிறார்கள். கணக்கியல் தொழிலில் இருக்கும் எங்களுக்கு வேறொரு கேள்விதான் முன்னே வருகிறது. கலைத்தொழிலில் முதல் வேலைக்கும் முதல் நல்ல வருமானத்துக்கும் இடையில் சில ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த ஆண்டுகளில் வாடகையையும் சாப்பாட்டையும் மருத்துவக் காப்புறுதியையும் யார் தாங்குவது? இசையிலிருந்து திரைக்குப் போன சிலருடைய வாழ்க்கையை இந்தக் கேள்வியோடு பார்ப்போம். முதலில் எங்கள் அயல் நகரத்துப் பிள்ளை ஒருவர்.

நாடக அரங்கின் பியானோக்காரர்

ஹேர்பேர்ட் குரோனமையர் என்ற பெயர் ஜேர்மனியில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். 1956 ஏப்ரல் 12 இல் பிறந்தவர். வளர்ந்தது டுசல்டோர்ஃபிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய போஹும் நகரில். தகப்பன் சுரங்கப் பொறியியலாளர். சிறுவயதிலேயே பியானோ பழகி, பள்ளிக் காலத்தில் இசைக்குழுக்களில் வாசித்தார். பள்ளி முடிந்ததும் பல்கலைக்கழகத்தில் சட்டமும் இசையியலும் படிக்கத் தொடங்கி, முடிக்காமலே விட்டார். எங்கள் வீடுகளில் இப்படி ஒன்று நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் அவர் விட்டது படிப்பை மட்டும்தான். வேலை ஒன்று கையில் இருந்தது. 1970களின் நடுப்பகுதியில், இருபது வயதை ஒட்டிய காலத்திலேயே, போஹும் நகர நாடக அரங்கில் பியானோ வாசிப்பவராகச் சேர்ந்திருந்தார். அப்போது அந்த அரங்கை நடத்திக்கொண்டிருந்தவர் ஜேர்மன் நாடக உலகில் பெரும் பெயர் பெற்ற பீற்றர் சாடெக். பியானோக்காரர் சிறிது காலத்தில் அரங்கின் இசைப் பொறுப்பாளர் ஆனார். நாடகங்களுக்கு இசை அமைத்தார். ஒத்திகைகளில் எப்போதும் கூட இருந்த இளைஞரை மேடையிலும் ஏற்றினார்கள். நடிப்புப் பள்ளி எதற்கும் அவர் போகவில்லை. ஒத்திகை அறையே அவருக்குப் பள்ளியாக இருந்தது. அங்கே படிப்புக்குக் காசு கட்டவில்லை, வேலைக்குச் சம்பளம் வாங்கினார்.

மேடையிலிருந்து தொலைக்காட்சிக்கும், அங்கிருந்து திரைப்படத்துக்கும் போனார். 1981 இல் வொல்ஃப்காங் பீற்றர்சன் இயக்கிய 'டாஸ் போட்' வெளியானது. இரண்டாம் உலகப்போரில் ஒரு ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கதை. லோதார் குந்தர் புக்ஹைம் 1973 இல் எழுதிய நாவலைத் தழுவியது. அதில் குரோனமையருக்கு லெப்டினன்ட் வேர்னர் என்ற போர்ச் செய்தியாளர் வேடம். படம் உலகமெங்கும் ஓடி, ஆறு ஒஸ்கார் பரிந்துரைகளைப் பெற்றது. வேர்னர் சண்டை போடுபவன் அல்ல. மற்றவர்களைப் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருப்பவன். பாடுபவரின் மூச்சைக் கவனித்து வாசிக்கப் பழகிய ஒரு பக்கவாத்தியக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான வேடம் அமைவது கடினம் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

இரண்டு கணக்குப் புத்தகங்கள்

இனி அவருடைய இசைத்தட்டுக் கணக்கைப் பார்ப்போம். தன் பெயரில் அவர் வெளியிட்ட முதல் நான்கு இசைத்தட்டுகள் 1979, 1980, 1982, 1983 ஆகிய ஆண்டுகளில் வந்தன. நான்குமே பெரிதாக விற்கவில்லை. இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நான்கில் இரண்டு, 'டாஸ் போட்' வெளியான பிறகு வந்தவை. உலகப் புகழ் பெற்ற படத்தில் முகம் தெரிந்துவிட்டது, இனிப் பாட்டும் தானாக விற்கும் என்று நினைப்போம். அப்படி நடக்கவில்லை. நான்காவது தட்டோடு அந்த நிறுவனத்துடனான உறவும் முடிந்தது.

வேறு நிறுவனம் ஒன்று அவரை எடுத்தது. 1984 இல் '4630 போஹும்' வந்தது. 4630 என்பது அக்காலத்தில் போஹும் நகரின் அஞ்சல் குறியீடு. அது விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்குப் போனது. ஜேர்மன் மொழியில் மிக அதிகமாக விற்ற இசைத்தட்டுகளில் ஒன்றாக இன்றும் இருக்கிறது. அதன்பின் அவர் திரை நடிப்பைப் பெரும்பாலும் விட்டுவிட்டு இசையோடு நின்றார். 2002 இல் வந்த அவருடைய 'மென்ஷ்' அதையும் தாண்டி விற்றது. பிற்காலத்தில் அன்ரன் கோர்பைன் இயக்கிய படங்களுக்கு இசையமைத்து, சிறு வேடங்களிலும் தலை காட்டினார்.

நாடக அரங்குக்குப் போனதிலிருந்து '4630 போஹும்' வரை எண்ணினால் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள். இந்தப் பத்து ஆண்டுகளில் ஒரு புத்தகத்தில் நட்டம் எழுதப்பட்டபோது மற்றப் புத்தகம் வீட்டைக் காத்தது. பாட்டு விற்காதபோது நாடகச் சம்பளமும் நடிப்பு வருமானமும் இருந்தன. அந்த நாடகச் சம்பளம் எங்கிருந்து வந்தது? ஜேர்மனியில் நகர நாடக அரங்குகள் நுழைவுச்சீட்டுக் காசில் மட்டும் நடப்பதில்லை. வரிப்பணத்தில் நடக்கின்றன. போஹும் நகரத்தார் கட்டிய வரி, ஒரு பியானோக்காரரின் காத்திருக்கும் ஆண்டுகளில் ஒரு பங்கைத் தாங்கியது. இன்று நாமும் இந்த நாட்டில் வரி கட்டுகிறோம். அந்த அரங்குகள் எங்கள் பிள்ளைகளுக்கும் உரியவைதான்.

ஷூமான் வேடம்

'டாஸ் போட்' வந்து இரண்டு ஆண்டுகளில், 1983 இல், பீற்றர் ஷமோனி இயக்கிய 'ஃப்ரூலிங்ஸ் சிம்ஃபொனி' படத்தில் குரோனமையர் இசைமேதை றொபேர்ட் ஷூமானாக நடித்தார். கிளாராவாக நடித்தவர் நஸ்டாசியா கின்ஸ்கி. டுசல்டோர்ஃபில் வாழும் எங்களுக்கு ஷூமான் தெரியாத பெயர் அல்ல. 1850 இல் இந்த நகரின் இசைப் பணிப்பாளராக வந்தவர் அவர். ரைன் நதியின் பெயரால் அழைக்கப்படும் அவருடைய மூன்றாவது சிம்பொனி 1851 இல் இங்கேதான் முதன்முதலாக வாசிக்கப்பட்டது. பில்கர் வீதியில் அவர் குடும்பம் வாழ்ந்த வீடு இருக்கிறது. நகரின் இசைப் பல்கலைக்கழகம் அவர் பெயரையும், மாநகர இசைப்பள்ளி கிளாராவின் பெயரையும் தாங்குகின்றன.

அந்தப் படம் சொல்வது டுசல்டோர்ஃபுக்கு வருவதற்கு முந்திய கதை. தாயின் விருப்பத்துக்காகச் சட்டம் படிக்கப் போன இளைஞன் அதை விட்டு இசைக்கு வருகிறான். ஆசிரியரின் மகளை விரும்புகிறான். ஆசிரியரான ஃப்ரீட்ரிஷ் வீக் மறுக்கிறார். மறுப்புக்கு அவர் காட்டிய காரணங்களில் ஒன்று, மாப்பிள்ளையின் வருமானம் போதாது என்பது. வழக்கு நீதிமன்றம் வரை போய், 1840 இல்தான் திருமணம் நடந்தது. வீக்கைப் படத்தில் பார்க்கும்போது எங்களில் பலருக்கு உறவுக்காரர் ஒருவரின் முகம் நினைவுக்கு வரும். அவர் கேட்ட கேள்வி பிழை என்று சொல்லமாட்டோம். வருமானம் எவ்வளவு என்று கேட்பது தகப்பனின் கடமை. ஆனால் அவர் பதிலுக்குக் காத்திராமல் கதவைச் சாத்தினார். அதனால் மகளை நீதிமன்றத்தில்தான் எதிர்கொண்டார்.

எங்கள் நகரத்தின் வேறு இருவர்

டுசல்டோர்ஃபிலேயே பிறந்த மாரியுஸ் முல்லர் வெஸ்டர்ன்ஹாகன் எதிர்த்திசையில் வந்தவர். தகப்பன் இந்நகர நாடக அரங்கின் நடிகர். மகன் பதினான்கு வயதிலேயே தொலைக்காட்சியில் நடித்தார். முதல் இசைத்தட்டு 1975 இல் வந்தது. 1980 இல் 'தியோ கேகன் டென் றெஸ்ட் டெர் வெல்ட்' படத்தில், களவுபோன லொறியைத் தேடி அலையும் சாரதியாக நடித்துப் பெரும் பெயர் பெற்றார். பிறகு பாட்டே முழுத்தொழிலாகி, விளையாட்டரங்குகளை நிரப்பினார்.

'டி டோட்டன் ஹோசன்' குழுவின் பாடகர் கம்பினோவும் இந்நகரத்தவரே. 1982 இல் தொடங்கிய அந்தக் குழுவில் கால் நூற்றாண்டு பாடிய பின்னர், டுசல்டோர்ஃபில் பிறந்த இயக்குநர் விம் வெண்டர்ஸ் அவரை 2008 இல் 'பலேர்மோ ஷூட்டிங்' படத்தின் நாயகனாக்கினார். அந்தப் படம் கான் விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போனது. கம்பினோவின் தொழில் அதனால் மாறிவிடவில்லை. அவர் மீண்டும் பாடப் போய்விட்டார். நிலையான தொழில் ஒன்று ஏற்கனவே இருந்ததால், திரை அவருக்கு ஒரு விருந்தாளி வேலையாக இருக்க முடிந்தது.

கோடம்பாக்கத்துக் கணக்கு

எங்கள் பிள்ளைகள் கனவு காணும் திசை பெரும்பாலும் சென்னை. அங்கே இசையிலிருந்து நடிப்புக்குப் போனவர்களில் எல்லோரும் அறிந்தவர் ஜி.வி. பிரகாஷ்குமார். 1987 ஜூன் 13 இல் பிறந்தவர். பாடகி ஏ.ஆர். ரெஹானாவின் மகன், ஏ.ஆர். ரஹ்மானின் மருமகன். 1993 இல் வெளியான 'ஜென்டில்மேன்' படத்தின் 'சிக்கு புக்கு ரயிலே' பாட்டில் ஒலித்த குழந்தைக் குரல் அவருடையது. 2006 இல் வசந்தபாலனின் 'வெயில்' படத்துக்கு இசையமைத்தபோது வயது 19. தொடர்ந்து 'ஆயிரத்தில் ஒருவன்', 'மதராசபட்டினம்', 'ஆடுகளம்' என்று பெயர் நிலைத்தது. 2013 இல் 'மதயானைக் கூட்டம்' படத்தைத் தயாரித்தார். நாயகனாக நடித்த முதல் படமான 'டார்லிங்' 2015 இல் வந்தது.

ஆக, 'வெயில்' வந்து எட்டு ஆண்டுகள் கடந்த பிறகே அவர் நாயகனாகத் திரையில் தோன்றினார். நடிக்கத் தொடங்கிய பின்பும் இசையை விடவில்லை. நாயகனாக வரிசையாகப் படங்கள் செய்துகொண்டிருந்த காலத்தில்தான் 'அசுரன்', 'சூரரைப் போற்று' ஆகியவற்றுக்கு இசையமைத்தார். 'சூரரைப் போற்று' பின்னணி இசைக்கு 2022 இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருது கிடைத்தது. 2025 இல் 'வாத்தி' பாடல்களுக்கு மீண்டும் ஒன்று. நடித்த படங்களில் சில ஓடின, சில ஓடவில்லை. ஓடாத வெள்ளிக்கிழமைகளிலும் இசையமைப்பாளருக்கு வேலை இருந்தது. குரோனமையரை நகர அரங்கு தாங்கியதுபோல, இவரை முதலில் தொழில் தெரிந்த குடும்பமும், பிறகு தானே சம்பாதித்த இசைத்தொழிலும் தாங்கின.

அவர் நடித்த படங்களில் எங்கள் குடும்பங்கள் சேர்ந்து பார்க்கவேண்டியது ராஜீவ் மேனனின் 'சர்வம் தாள மயம்'. 2018 இல் டோக்கியோ திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, 2019 இல் வெளியானது. மிருதங்கம் செய்யும் தொழிலாளியின் மகன் அதை வாசிக்கப் பழக ஆசைப்படுகிறான். கருவியைச் செய்பவனின் பிள்ளைக்கு அதைக் கற்றுக்கொடுக்க மறுக்கும் சமூகத்தை அது காட்டுகிறது. எந்தப் பிள்ளைக்கு எந்த வாசல் திறந்திருக்கிறது என்ற கேள்வி இங்கே வெளிப்படையாகவே வருகிறது. சென்னைத் திரையுலகில் பிறந்த ஒருவருக்குத் திறந்திருந்த வாசல், டுசல்டோர்ஃபில் பிறந்த எங்கள் பிள்ளைக்கு அப்படியே திறந்திருக்காது. இதை மறைத்துவிட்டு "அவன் செய்தான், நீயும் செய்" என்பது பிள்ளைக்கு நாம் செய்யும் அநியாயம்.

ஆனால் வாசல் அடைத்துக் கிடக்கிறது என்றும் சொல்லமுடியாது. வெற்றிமாறனின் 'அசுரன்' (2019) படத்தில் தனுஷின் மூத்த மகன் முருகனாக வந்த டீஜே அருணாசலம், பிரித்தானியாவில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பாடகர். தனிப்பாடல்களால் இளையோரிடம் பெயர் எடுத்த பிறகே அந்த வேடத்துக்குப் போனார். இங்கும் பாட்டுத்தான் முன்னே போய் வழி திறந்தது.

இந்த நாட்டில் எங்களுக்கு உள்ள தூண்கள்

கோடம்பாக்கத்து உறவு எங்களுக்கு இல்லை. அதற்குப் பதிலாக இந்த நாட்டில் சில ஏற்பாடுகள் இருக்கின்றன. வரியும் காப்புறுதியும் கட்டிக்கொண்டே அவற்றைப் பயன்படுத்தாமல் விடும் குடும்பங்கள் எம்மவரில் நிறைய.

முதலாவது, படிப்பு. வடரைன் வெஸ்ட்பாலியா மாநிலத்தின் அரச இசைப் பல்கலைக்கழகங்களில் கல்விக்கட்டணம் இல்லை. பருவப் பங்களிப்பு மட்டுமே. நடிப்புக்கும் அப்படியே. எசனைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபோல்க்வாங் கலைப் பல்கலைக்கழகத்தின் நடிப்புப் பிரிவு போஹுமில் இருக்கிறது. நுழைவுத் தேர்வு மிகக் கடினம், இடங்கள் மிகக் குறைவு. தனியார் நடிப்புப் பள்ளிகளோ மாதாமாதம் கட்டணம் வாங்குகின்றன. ஒப்பந்தத்தில் கையெழுத்திட முன்னர் மூன்று விடயங்களைக் கேளுங்கள்: பள்ளிக்கு அரச அங்கீகாரம் உண்டா, பாஃபொக் உதவி கிடைக்குமா, இடையில் விலகினால் மிச்சக் கட்டணம் என்ன ஆகும்? பல்கலைக்கழக மாணவருக்கான பாஃபொக்கில் பொதுவாகப் பாதி திருப்பிக் கட்டத் தேவையில்லாதது. மறுபாதி வட்டியில்லாக் கடன். திருப்பிக் கட்டும் தொகைக்கு 10,010 யூரோ என்ற மேலெல்லையும் உண்டு.

இரண்டாவது, கலைஞர் சமூகக் காப்புறுதி நிதியம். 'கே.எஸ்.கா' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 1983 முதல் நடைமுறையில் உள்ள சட்டம். சுயதொழிலாக இசை செய்பவர் மருத்துவ, பராமரிப்பு, ஓய்வூதியக் காப்புறுதிகளில் ஒரு தொழிலாளியைப்போலப் பாதியை மட்டும் கட்டுகிறார். மறுபாதியில் 30 வீதப் பங்கைக் கலையைப் பயன்படுத்தும் நிறுவனங்களும் 20 வீதப் பங்கை மத்திய அரசும் கொடுக்கின்றன. இதில் சேரக் கலைத்தொழிலிலிருந்து ஆண்டுக்கு 3,900 யூரோவுக்கு மேல் வருமானம் வேண்டும். தொழில் தொடங்கிய முதல் மூன்று ஆண்டுகளுக்கு இந்த எல்லை பொருந்தாது. காத்திருக்கும் ஆண்டுகளுக்கென்றே எழுதப்பட்ட விதி இது. படப்பிடிப்பு நாட்களில் நடிகர் பொதுவாகத் தொழிலாளியாகவே கணிக்கப்படுகிறார். ஆகவே அந்த வருமானம் இதில் சேராது. இரண்டையும் தனித்தனியாக எழுதிவைக்கவேண்டும்.

மூன்றாவது, உரிமைப் பணம். பாட்டை ஆக்கியவருக்கும் வரி எழுதியவருக்கும் உரிய பணத்தைச் சேர்த்துக் கொடுப்பது 'கெமா'. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் நடித்தவருக்கும் உரியதைக் கவனிப்பது 'கே.பவ்.எல்'. சொந்தப் பாட்டை ஒலிப்பதிவு செய்து பாடும் பிள்ளைக்கு இரண்டிலும் இடம் உண்டு. ஆனால் தாங்களாகப் பதிவு செய்யாதவரை எந்தப் பணமும் வீடு தேடி வராது.

நான்காவது, வரி. கலியாண வீட்டிலும் பிறந்தநாள் விழாவிலும் பாடிக் கையில் வாங்கும் காசும் வருமானமே. அதைக் காட்டாமல் விட்டால் வரி அலுவலகத்தோடு வரும் சிக்கல் ஒரு பக்கம். மறுபக்கம், கே.எஸ்.கா கேட்கும்போது தொழில் செய்ததற்கான ஆதாரம் கையில் இருக்காது. பற்றுச்சீட்டு எழுதுவது கலைஞனின் மரியாதைக்குக் குறைவு அல்ல.

மேசையில் வைக்கவேண்டிய தாள்

எங்களிடம் ஆலோசனை கேட்கும் குடும்பங்களிடம் நாங்கள் சொல்வது இது. பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு தாளில் மூன்று நிரல்கள் போடுங்கள். முதல் நிரலில் ஆண்டுகள்: ஐந்து ஆண்டா, எட்டு ஆண்டா என்று வெளிப்படையாக எழுதுங்கள். இரண்டாவதில் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைக்கு வேண்டிய செலவு. மூன்றாவதில் அதைத் தாங்குவது யார்: பாஃபொக்கா, பகுதிநேர வேலையா, மாணவருக்குப் பியானோ சொல்லிக்கொடுத்து வரும் வருமானமா, நாடக அரங்கில் ஒரு சிறு வேலையா, வீடா? வீடு என்றால் எவ்வளவு, எத்தனை ஆண்டு?

மூன்றாவது நிரல் வெறுமையாக இருந்தால் பிள்ளையைத் திட்ட வேண்டாம். அதை நிரப்ப இசைக்குப் பக்கத்திலேயே ஒரு வேலை தேடச் சொல்லுங்கள். குரோனமையர் பியானோ வாசித்தார், பிரகாஷ்குமார் மற்றவர் படங்களுக்கு இசை போட்டார். அந்த வேலைதான் அவர்களைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோயும் விட்டது. எங்கள் பிள்ளைகளில் ஜேர்மன், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பேசவும் பாடவும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நகர நாடக அரங்குகள், மாநகர இசைப்பள்ளிகள், ஆரம்பப் பாடசாலைகளில் நடக்கும் ஜெகிட்ஸ் இசைத்திட்டம் ஆகியவற்றில் அப்படியானவர்களுக்கு வேலை கேட்டுப் பார்க்கலாம்.

இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்தத் தாளை மீண்டும் எடுத்துப் பாருங்கள். எழுதியதும் நடந்ததும் எவ்வளவு தூரம் விலகியிருக்கின்றன என்று பிள்ளையே வாசித்துச் சொல்லட்டும். தொடர்வதா, வழியை மாற்றுவதா என்பதை அந்த நாளில் அவரே முடிவு செய்யட்டும். போரும் அகதி வாழ்வும் எங்கள் தலைமுறையில் பலருக்கு அந்த முடிவை எடுக்கும் நாளையே தரவில்லை. பிள்ளைகளுக்கு அந்த நாள் கிடைக்கவேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்.